காடும் மனையும் கலக்குமிடம்: லைம் நோய் – ஓர் ஆய்வு

முன்னுரை

ஒரு திணைக்குரியது மற்றொரு திணையில் வந்து கலப்பதைத் திணைமயக்கம் என்பர் இலக்கண நூலார். அமெரிக்க வடகிழக்கு மாநிலங்களில், காட்டுக்குரிய உண்ணி வீட்டுப் புல்வெளிக்கு வந்து சேர்ந்ததன் விளைவே லைம் நோய் எனலாம். அந்நோய் யாரை, எங்கே பற்றுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோய் அறியப்பட்ட வரலாறு

கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்னும் சிற்றூரிலும் அண்டை ஊர்களிலும் சிறுவர் பலர் மூட்டு வீக்கத்தால் துன்புற்றனர். பாலி மர்ரி முதலிய தாய்மார் 1975ஆம் ஆண்டில் நலவாழ்வுத் துறையிடம் முறையிட்டனர். ஆலன் ஸ்டீர் முதலியோர் ஆராய்ந்து 1977இல் முடிவுகளை வெளியிட்டனர். மூன்று ஊர்களிலும் ஆயிரவருள் ஏறத்தாழ நால்வருக்கே இருந்த நோய், குறிப்பிட்ட நான்கு சாலைகளில் வாழ்ந்த சிறுவருள் பத்தில் ஒருவருக்கு இருந்தது. வாழிடமே காரணம் என்பதற்கு இதுவே முதற்சான்று. நோய்க்கிருமியை உண்ணியினுள் கண்டறிந்த வில்லி பர்க்டார்ஃபர் குழுவினர் 1982இல் அதனை அறிவித்தனர்.

இடர் தரும் காரணிகள்

முதலாவது, நிலம். உழவர் கைவிட்டுச் சென்ற வயல்கள் மீண்டும் காடாயின; மான்கள் பெருகின; அக்காட்டினூடே புறநகர் வீடுகள் எழுந்தன. முதிர்ந்த உண்ணிக்கு மான் உணவளிக்கிறது. இளம் உண்ணிக்குக் கிருமியை அளிப்பதோ பெரிதும் வெண்பாத எலியே. ஈரமின்றேல் உண்ணி மடியும். ஆதலின் வெயில் காயும் நடுவயலினும், சருகு மண்டிய வரப்போரமும் கற்சுவரும் விறகு அடுக்கும் இடர்மிக்கன. புதர் வெட்டும் உழவரும், வேலியோரம் விளையாடும் புறநகர்ச் சிறுவரும் இவ்வகையில் ஒருநிலையினரே.

இரண்டாவது, காலம். கசகசா விதையளவே உள்ள இளம்பருவ உண்ணி மே முதல் சூலை வரை மிகுதியாக நடமாடும். மக்கள் வெளியில் உலவும் காலமும் அதுவே.

மூன்றாவது, அசட்டை. கிருமி உடலிற் புகப் பெரும்பாலும் ஒருநாளுக்கு மேல் உண்ணி ஒட்டியிருத்தல் வேண்டும். 'யாம் காட்டுக்குச் செல்வதில்லையே' என்று எண்ணுவோர் உடலைச் சோதிப்பதில்லை. அந்த ஒருநாள் கழிந்துவிடுகிறது. சிறுவரும் ஐம்பது வயதைக் கடந்தோருமே மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றனர்.

காக்கும் வழிகள்

புல்வெளிக்கும் மரங்களுக்கும் இடையே மூன்றடி அகலத்தில் மரச்சீவல் அல்லது சரளை பரப்புதல், சருகு அகற்றுதல், வீடு திரும்பிய இரண்டு மணி நேரத்துக்குள் குளித்து அக்குள், முழங்கால் மடிப்பு, காதோரம் ஆகியவற்றைச் சோதித்தல், ஒட்டிய உண்ணியைச் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுத்தல் ஆகியன எளிய வழிகள். கடித்த 3 முதல் 30 நாள்களுக்குள் படர்தடிப்போ காய்ச்சலோ தோன்றின் மருத்துவரை நாடுதல் வேண்டும். தடிப்பு எல்லோர்க்கும் தோன்றுவதில்லை என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. தொடக்கத்திலேயே நோய்க்கொல்லி மருந்து அளித்தால் பெரும்பாலோர் குணமடைவர். தவறின் மூட்டும் நரம்பும் இதயமும் தாக்குறும்.

முடிவுரை

2010 முதல் 2018 வரை, ஆண்டுக்கு ஏறத்தாழ 4,76,000 அமெரிக்கர் இந்நோய்க்கு மருத்துவம் பெற்றதாக மதிப்பிடப்பட்டது. அடர்காட்டை அஞ்சுவோர் தம் கொல்லைப்புறத்தை அஞ்சுவதில்லை. அச்சம் வேண்டுவதில்லை, நாள்தோறும் சில நிமிடச் சோதனை போதும். அண்டை வீட்டுப் பிள்ளையின் துன்பத்தையும் உற்று நோக்கிய தாய்மாரின் கண்களே இந்நோயை உலகுக்கு முதலில் காட்டின. அவ்விழிப்பே இன்றும் முதற்காப்பாகும்.