பிடோக் வீட்டுக்குள் குட்டிப் பனை: புதிதாகத் தொடங்குவோருக்குச் சில சொற்கள்

பிடோக் வட்டாரத்தில் வீவக வீடு வாங்கிக் குடிவரும் இளையவர்கள் பலர், வரவேற்பறைக்கு முதலில் தேடுவது ஒரு குட்டிப் பனையைத்தான். நல்ல தேர்வு. ஆனால் ஓலை காய ஆரம்பித்த பிறகுதான் "ஐயா, என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார்கள். கேட்கவேண்டிய நேரம் வாங்குவதற்கு முன்பு. அதனால் இவற்றை எழுதி வைக்கிறேன்.

1. முதலில் குருத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். செம்பருத்தியும் துளசியும் நுனியைக் கிள்ளினால் பக்கவாட்டில் கிளைக்கும். பனை இனத்தில் பெரும்பாலும் ஒரு தண்டுக்கு ஒரே குருத்து. அது போனால் அந்தத் தண்டு போயிற்று. ஊரில் தென்னங்குருத்தை வண்டு குடைந்தால் மரமே சாய்வது இதனால்தான். ஆகவே, "உயரமாகிவிட்டது, தலையைக் கொஞ்சம் வெட்டுவோம்" என்ற எண்ணமே வேண்டாம். செடியைப் பார்க்கும்போதெல்லாம் நடுவில் கூராக மூடியிருக்கும் இளம் ஓலையைப் பாருங்கள். அது பச்சையாக நிமிர்ந்திருந்தால், சுற்றியுள்ள ஓலை நுனிகள் காய்ந்திருந்தாலும் செடி பிழைக்கும். லேசாகப் பிடித்தாலே கையோடு வந்து, அடியில் அழுகிய நாற்றம் அடித்தால் நிலைமை மோசம். பெரும்பாலும் தண்ணீர் அதிகமானதுதான் காரணம்.

2. உங்கள் வீட்டு வெளிச்சத்துக்கு ஏற்ற பனையை வாங்குங்கள். பகலில் விளக்குப் போடாமல் தமிழ் முரசு வாசிக்க முடிகிற இடம் என்றால் 'பார்லர் பாம்' தாங்கும். மெக்சிகோ, குவாத்தமாலா மழைக்காடுகளில் பெரிய மரங்களின் நிழலில் வளர்வது அது. மெதுவாகத்தான் வளரும், அறைக்குள் அடங்கும். அதைவிட உறுதியானது 'லேடி பாம்'. விசிறி ஓலை, மூங்கில் போன்ற மெல்லிய தண்டு, அடியிலிருந்து புதுக் கன்றுகள். என்னைக் கேட்டால் தொடங்குபவருக்கு இதுதான் முதல் பனை. ஒரு தண்டு பட்டுப்போனாலும் மற்றவை நிற்கும்.

'அரிக்கா பாம்' என்று விற்கும் மஞ்சள் தண்டுப் பனை மடகாஸ்கரிலிருந்து வந்தது, பாக்கு காய்க்காது. அதற்கு வெளிச்சம் நிறைய வேண்டும். தரையில் நட்டால் ஆறு மீட்டரையும் தாண்டிவிடும். பால்கனியோ பெரிய சன்னலோ இல்லாதவர்கள் அதை விட்டுவிடலாம். எந்தப் பனையானாலும் மேற்கு வெயில் நேராக விழும் சன்னலில் திடீரென்று வைக்காதீர்கள், ஓலை வெந்துவிடும்.

3. ஒரு தொட்டியில் பத்துப் பதினைந்து நாற்றுகளை நெருக்கி நட்டு, அடர்த்தியாகக் காட்டி விற்பார்கள். சில மாதங்களில் மெலிந்த நாற்றுகள் ஒன்றிரண்டு சாகும். அது நோய் அல்ல, இடநெருக்கடி. அடியோடு வெட்டி எடுத்துவிடுங்கள். பிரித்து நடுகிறேன் என்று வேரைக் கிழிக்காதீர்கள். பனை வேருக்கு அது பிடிக்காது.

4. சிவப்புத் தண்டு 'லிப்ஸ்டிக் பாம்' மீது எல்லாருக்கும் ஆசை. நம் பூமலையின், அதாவது தாவரவியல் பூங்காவின், சின்னமே அதுதான். ஆனால் மலேசியா, சுமத்ரா, போர்னியோ பகுதிகளின் சதுப்புக் காட்டில் பிறந்த செடி அது. வெயிலும் ஈரமும் தீராமல் வேண்டும். வீட்டுக்குள் அடைத்து வாட்டாதீர்கள்.

5. 'சேகோ பாம்' என்ற பெயரில் விற்பது பனையே அல்ல, சைக்கஸ். விதையும் இலையும் நஞ்சு. தவழும் குழந்தையோ பூனையோ நாயோ உள்ள வீட்டில் கண்டிப்பாக வேண்டாம். பார்லர் பாம், லேடி பாம், அரிக்கா மூன்றும் பூனைக்கும் நாய்க்கும் நஞ்சு இல்லாதவை.

6. தண்ணீர் ஊற்றக் கிழமை பார்க்காதீர்கள், மண்ணைப் பாருங்கள். சாப்பிடும் மரக்குச்சி ஒன்றை மண்ணில் இரண்டு அங்குலம் செருகி எடுங்கள். ஈரமண் ஒட்டி வந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். காய்ந்து வந்தால் அடித்துளை வழியாக வடியும்வரை ஊற்றுங்கள். இங்கே காற்றிலேயே ஈரம் அதிகம். இரவெல்லாம் ஏர்கான் ஓடும் அறை மட்டும் விதிவிலக்கு. குளிர்காற்று நேராகப் படும் இடத்தில் ஓலை நுனி பழுப்பாகும்.

7. வடிந்த தண்ணீரைத் தட்டில் விடாதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. நம்முடைய வெப்பத்தில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக்கொசுவாக ஒரு வாரம் போதும். தட்டைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. இறுகிப்போன மேல்மண்ணிலும் தண்ணீர் தேங்கும், அதையும் கிளறிவிடுங்கள். ஓலைக்காம்பு தண்டைக் கவ்வும் இடுக்கையும் பாருங்கள். டெங்கி வந்தால் உங்கள் வீட்டோடு நிற்காது, புளோக் முழுக்கப் போகும்.

8. தாழ்வாரத்தில் வைப்பவர்கள் 1.2 மீட்டர் வழி விடவேண்டும். தீ விபத்து நேரத்தில் தூக்குப்படுக்கை போகிற வழி அது. கைப்பிடிச் சுவர்மேல் தொட்டி வைக்கவே கூடாது.

9. கீழ் ஓலை மஞ்சளானதும் கத்தரியைத் தூக்காதீர்கள். பொட்டாசியம் பற்றாதபோது செடி பழைய ஓலையில் இருக்கும் சத்தை இழுத்துப் புது ஓலைக்குக் கொடுக்கிறது. மஞ்சளாக இருக்கும்போதே வெட்டினால் அந்தக் கையிருப்பும் போய், அடுத்த ஓலை மஞ்சளாகும். முழுக்கப் பழுப்பான பிறகு வெட்டுங்கள். பொட்டாசியமும் மெக்னீசியமும் உள்ள, மெதுவாகக் கரையும் பனை உரம் கொஞ்சமாக இடுங்கள்.

10. ஓலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். நரம்பை ஒட்டிப் பழுப்புப் புள்ளிகள் இருந்தால் நகத்தால் சுரண்டுங்கள். பெயர்ந்து வந்தால் செதில்பூச்சி. ஈரத்துணியால் துடைத்து, சில துளி வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து மாலையில் தெளியுங்கள். ஒரு தடவை போதாது; வாரம் ஒன்றாகச் சில வாரம் தொடருங்கள்.

11. "வீட்டுக் காற்றைச் சுத்தப்படுத்தும்" என்று சொல்லி விலை ஏற்றினால் நம்பவேண்டாம். 1989இல் நாசா செய்த ஆய்வு, அடைத்த சிறு பெட்டிகளுக்குள் நடந்தது. சன்னல் திறந்து மூடும் வீட்டில் நான்கைந்து தொட்டிகளால் அந்த வேலை நடக்காது. பனையைப் பனைக்காக வளருங்கள்.

12. வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடோக் நார்த் நிலையத்தில் ரயில் ஏறுங்கள். டௌன்டவுன் பாதை, மாறவேண்டியதில்லை. லிட்டில் இந்தியாவில் இறங்கித் தேக்காவில் காலைப் பசியாறிவிட்டு, அதே பாதையில் பூமலைக்குப் போங்கள். 1879இல் உருவாக்கிய பனைப் பள்ளத்தாக்கு அங்கே இருக்கிறது. பனைகள் முழுதாக வளர்ந்தால் எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம், எவ்வளவு வெளிச்சத்தில் நிற்கின்றன என்று நின்று பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். செடியை அதற்குப் பிறகு வாங்குங்கள்.