உயிலை மாற்றுவதும் ரத்துச் செய்வதும்

தோட்டக் கூட்டமொன்றில் வயது முதிர்ந்த பால்மரத் தொழிலாளி ஒருவர் என்னிடம் தம் உயிலைக் காட்டினார். வீட்டையும் நிலத்தையும் மூத்த மகனுக்கு எழுதியிருந்தார். பின்னர் மகனின் பெயரைப் பேனாவால் அடித்து, மேலே இளைய மகளின் பெயரை எழுதியிருந்தார். "இனி வீடு மகளுக்குத்தானே, ஐயா?" என்று கேட்டார்.

இல்லை என்றே நான் கூற நேர்ந்தது. 1959ஆம் ஆண்டு உயில் சட்டப்படி, உயிலில் செய்யப்படும் திருத்தமும் உயிலைப் போலவே நிறைவேற்றப்பட வேண்டும். எழுதியவரும் ஒரே வேளையில் உடனிருந்த சாட்சிகள் இருவரும் அதற்குக் கையொப்பமிட வேண்டும். இங்கு அவ்வாறு செய்யப்படவில்லை. அடித்த கோட்டின் கீழே மகனின் பெயரும் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே, பழைய ஏற்பாடே நிலைத்திருந்தது.

உயில் எழுதியவர் உயிரோடும் தெளிந்த அறிவோடும் இருக்கும்வரை அதனை ரத்துச் செய்யலாம். ரத்துச் செய்யும் எண்ணத்துடன் மூல உயிலை அவரே கிழிக்கலாம், எரிக்கலாம். பிறர் கிழிப்பதாயின் அவர் கட்டளைப்படி, அவர் கண்முன்னே கிழிக்க வேண்டும். அவர் அறியாமல் வீட்டார் கிழித்தால் உயில் ரத்தாகாது. நகலை மட்டும் கிழிப்பதாலும் பயனில்லை.

புதிய உயில் எழுதுவதே நல்வழி என்பது என் கருத்து. அதில், "முன்னர் எழுதிய உயில்கள் அனைத்தையும் ரத்துச் செய்கிறேன்" என்னும் வாக்கியம் இருத்தல் வேண்டும். அஃது இல்லையேல், புதியதற்கு முரண்படாத பழைய பகுதிகள் உயிரோடிருந்து குழப்பம் விளைவிக்கும்.

பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. திருமணம் உயிலை ரத்தாக்கும். மனைவியை இழந்த ஒருவர் வீடு முழுவதையும் ஒரே மகளுக்கு எழுதிவிட்டு மறுமணம் செய்துகொள்கிறார் என்று கொள்வோம். அத்திருமணத்தை மனத்திற்கொண்டே எழுதியதாக உயிலில் குறிப்பில்லையெனில், அது செல்லாது. புதிய உயிலின்றியும் பெற்றோரின்றியும் அவர் இறப்பாராயின், தீபகற்ப மலேசியாவில் 1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கும், இரண்டு பங்கு மகளுக்கும் சேரும். மணமுறிவோ உயிலை ரத்தாக்குவதில்லை. பிரிந்த மனைவியின் பெயர் அப்படியே நிற்கும்.

இவை முஸ்லிம் அல்லாதாருக்கே பொருந்தும். மேலும், 14ஏ பாரத்தின்வழி நில அலுவலகத்தில் பெயர் மாற்றிப் பதிவு செய்துவிட்ட நிலம் உயிலைப் போன்றதன்று. அதனைத் தாளைக் கிழித்து மீட்க இயலாது.

முதியவர் அன்றே புதிய உயில் எழுத முனைந்தார். சாட்சிக்கு மகளின் கணவரை அழைத்தார், நான் தடுத்தேன். பயன்பெறுபவரோ அவருடைய கணவரோ மனைவியோ சாட்சியிட்டால், உயில் செல்லும். அவருக்குரிய கொடை மட்டும் செல்லாது போகும். தோட்டக் கிராணியாரும் அடுத்த லயத்து நண்பர் ஒருவரும் வந்து கையொப்பமிட்டனர்.