மலை ஏறும் முன்

அன்புள்ள மருமகனுக்கு,

நீ பழைய சான்ட்ரோ ஒன்று வாங்கியிருப்பதாகவும், லீவுக்கு எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஊட்டி போகப்போவதாகவும் உன் அம்மா ஃபோனில் சொன்னாள். நல்ல வண்டிதான். 1998-ல் ஹூண்டாய் நம் நாட்டில் முதன்முதலில் இறக்கிய மாடல், இருங்காட்டுக்கோட்டை ஆலையில் செய்தது. சீட் கவர், மியூசிக் சிஸ்டம் எல்லாம் அப்புறம் ஆகட்டும். கையில் இருக்கிற பணத்தை முதலில் எஞ்சினுக்குச் செலவிடு.

பட்டறையில் நான் பிரித்த எஞ்சின்களில் ஓடித் தேய்ந்தவை குறைவு. சூட்டில் கெட்டவையே அதிகம். சிலிண்டர் ஹெட் அலுமினியம். அளவு மீறிச் சூடேறினால் வளைந்துவிடும். பிறகு ஹெட் கேஸ்கெட் போகும், கூலண்ட் ஆயிலில் கலக்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்பக்கம் பார். பால் காப்பி நிறத்தில் கெட்டியாகப் படிந்திருந்து, கூலண்டும் குறைந்துகொண்டே வந்தால் வண்டியை எடுக்காதே, நேரே என்னிடம் கொண்டு வா.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் ஹோஸை விரலால் அமுக்கிப் பார். ஊறி மெத்தென்று இருந்தாலோ, வெடிப்பு தெரிந்தாலோ கிளாம்போடு சேர்த்து மாற்று. சில நூறு ரூபாய்தான். அது நடுவழியில் வெடித்தால் ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்ப வேண்டிவரும். செலவு பல ஆயிரம்.

அடுத்து தெர்மோஸ்டாட். அது இல்லாவிட்டால் வண்டி சூடேறாது என்று சொல்லி, பல இடங்களில் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். சுமார் 82 டிகிரியில் திறக்கிற அந்தச் சின்ன வால்வு இல்லையென்றால், எஞ்சின் அதற்குரிய சூட்டுக்கு வர நேரமாகும். எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ., அது இன்னும் குளிர்ந்தே கிடக்கிறது என்று கணக்குப் போட்டு பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கும். மைலேஜ் குறையும், சிலிண்டரும் சீக்கிரம் தேயும். உன் வண்டியில் இருக்கிறதா என்று முதலில் திறந்து பார்க்கச் சொல். இருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். நூலில் கட்டி, பாத்திரத்துத் தண்ணீரில் அடியைத் தொடாமல் தொங்கவிட்டு அடுப்பை மூட்டு. கொதி வருவதற்குள் நடுத்தட்டு மெல்ல விலகித் திறக்க வேண்டும். ஆறியதும் மூடிக்கொள்ள வேண்டும். அசையவில்லையென்றால் புதிது வாங்கு.

போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதே. உப்பு படிந்து குழாய்களை அடைத்துவிடும். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து ஊற்று. மூடியின் ரப்பர் காய்ந்திருந்தால் மூடியையும் மாற்று. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் 100 டிகிரி தாண்டியும் உள்ளே கூலண்ட் கொதிக்காமல் இருக்கிறது. அதனாலேயே சூடாக இருக்கும்போது அதை ஒருபோதும் திறக்காதே, முகத்தில் அடிக்கும்.

ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிடு. பழைய கணக்கை நம்ப வேண்டாம், உன் கணக்கை அன்றிலிருந்து தொடங்கு.

வளைவுகளில் இரண்டாம் கியரிலேயே ஏறும்போது சூட்டு முள்ளைக் கவனி. முள் மேலே போனால் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திருப்பு. குறையாவிட்டால் ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்து. ஏறிய முள் திடீரென்று விழுந்தால் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. கூலண்ட் மொத்தமும் ஒழுகிப்போய், சென்சாரைத் தொட எதுவும் இல்லாமல் இருக்கலாம்.

கடைசியாக டைமிங் பெல்ட். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, அறுந்து போகும் முன் சத்தமும் பெரும்பாலும் கொடுக்காது. ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் வால்வுகளை இடித்து வளைத்துவிடும். ஓட்டம் குறைவாக இருந்தாலும் வருடம் கூடினால் ரப்பர் கெடும். மாற்றும்போது டென்ஷனரையும் வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்று. பம்புக்காக அதே இடத்தை மறுபடி பிரித்து இன்னொரு முறை கூலி கொடுக்க வேண்டாம். பார்ட்ஸை கம்பெனி டீலரிடமே வாங்கு. மலிவு டூப்ளிகேட் வேண்டவே வேண்டாம்.

பெல்ட் மாற்றிய பில்லை வண்டி விற்றவரிடம் கேள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள். புது பெல்ட் போடாமல் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு கல்லாறு தாண்டி மலை ஏறாதே.

அன்புடன்,
உன் மாமா