நாற்பத்தைந்தைத் தாண்டிய முகங்கள்

அன்புள்ள தங்கைக்கு,

திண்டுக்கல்லில் சொந்தமாகப் பார்லர் தொடங்கப்போகிறாய் என்று கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி. முகூர்த்த நாள்களையும் மணப்பெண் மேக்கப்பையும் நம்பித்தான் கணக்குப் போட்டிருப்பாய். ஆனால் முகூர்த்தமில்லாத ஆடியிலும் மார்கழியிலும் உன் கடை வாடகையைக் கட்டப்போகிறவர்கள் வேறு ஆட்கள்: டீச்சர், மளிகைக் கடைக்காரம்மா, சின்னாளபட்டியிலிருந்து பஸ் ஏறி வரும் அக்கா. பெரும்பாலும் நாற்பத்தைந்தைத் தொட்டவர்கள். பயிற்சி வகுப்பில் நமக்குப் பழக்கிய முகமோ இருபது வயது முகம்.

நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. மேலை நாடுகளில் 51 வாக்கில். சில ஆண்டுகள் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கத் தொடங்கிவிடும். தோலின் ஈரம், எண்ணெய்ப் பசை, கொலாஜன், புண் ஆறும் வேகம் எல்லாவற்றிலும் அதற்குப் பங்குண்டு. விலக்கு நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் தோலின் கொலாஜனில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடுகிறது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ஆண்ட்ரோஜன் அந்த அளவுக்குக் குறைவதில்லை. தாடையில் நாலு முரட்டு முடி முளைப்பது அதனால்தான். கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டவர்களுக்கு இவ்வளவும் திடீரென்று வந்து இறங்கும்.

உன் நாற்காலியில் உட்காருகிறவர் இதையெல்லாம் சொல்லமாட்டார். "முகம் டல்லா இருக்கு, ஒரு ஃபேஷியல் போடும்மா" என்பார். முடியை வாரி ஒதுக்கும்போதுதான், "ராத்திரி குப்புன்னு வேர்த்துக் கொட்டுது, தூக்கமே இல்ல" என்று பேச்சு வரும். வீட்டில் யாரிடமும் சொல்லாத பேச்சு. "எல்லாருக்கும் வர்றதுதான்க்கா" என்று வாயை அடைத்துவிடாதே. விலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் துளி ரத்தம் பட்டது என்றாலும் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும் என்று சொல். கழுத்து கறுத்துத் தடித்திருந்தால் ஸ்க்ரப் போட்டுத் தேய்க்காதே. அது அழுக்கில்லை, பலருக்கும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். சர்க்கரை பார்க்கச் சொல். ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பக்கத்தில் காந்திகிராமத்தில் கஸ்தூர்பா மருத்துவமனை இருக்கிறது.

கை வேலையில் உனக்கு நான் சொல்வது, குறைத்துச் செய் என்பதுதான். மெலிந்த தோலை அழுத்தித் தேய்த்தால் பளபளப்பு வராது, எரிச்சல்தான் வரும். நீராவியை நேரம் குறைத்து வை; ஏற்கெனவே உடம்பு காந்துகிறவருக்கு அது தண்டனை. ரெட்டினாய்டு க்ரீம் பூசுகிறாரா என்று கேட்காமல் வாக்ஸ் பண்ணாதே, மேல்தோலும் சேர்ந்து உரிந்து வரும். டையைக் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்க்காமல் தலையில் வைக்காதே, வருஷக்கணக்கில் போட்டவராக இருந்தாலும் சரி. நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடத்தில் உப்பு. சோப்பு நுரைக்காது, காலும் கையும் வெளுத்து அரிக்கும். அப்படி வருகிறவருக்கு 1,500 ரூபாய் ஃபேஷியலை விற்காதே. வெதுவெதுப்பான தண்ணீர், மடிப்புகளுக்கு மட்டும் சோப்பு, ஈரம் காயுமுன் மாய்ச்சரைசர், வெயிலுக்கு சன்ஸ்க்ரீனோ குடையோ. பயத்தமாவு தேய்ப்பதை வாரம் ஒருநாளாக்கச் சொல். இதைச் சொல்லி அனுப்பினால் அன்றைக்கு வருமானம் குறையும்தான்.

மங்குதான் பெரிய வம்பு. கன்னத்தில் மங்கு விழுந்ததும் மெடிக்கலில் யாரோ சொன்ன ட்யூபை வாங்கிப் பூசியிருப்பார்கள். பெரும்பாலும் அதில் ஸ்டீராய்டு இருக்கும். முதல் மாதம் வெளுக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, நரம்பு தெரியும், பரு வரும், முடி முளைக்கும். நிறுத்தினால் முகம் எரியும். இந்த ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது, விற்பனை நின்றபாடில்லை. அப்படிப்பட்ட முகத்தில் ப்ளீச் போடாதே. தோல் மருத்துவரிடம் அனுப்பு. லேபிள் இல்லாத டப்பா க்ரீமில் பாதரசமும் இருக்கலாம். கேரளத்தின் மலப்புரத்தில் வெள்ளையாக்கும் க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானதை 2023-ல் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். பாதரசம் என்ன செய்யும் என்று நம் மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடியதும் அதே பாதரசத்தால்தான்.

"ஹார்மோன் மாத்திரை போட்டா முகம் மின்னுமாமே?" என்றும் கேட்பார்கள். தோலுக்காக மட்டும் அதைத் தருவதில்லை; மற்றதை மகளிர் நல மருத்துவர் முடிவு செய்யட்டும். உனக்கு அதில் வேலையில்லை.

விலைப்பட்டியலை அச்சுக்குக் கொடுக்கப்போகிறாய் அல்லவா? அதில் 'ஒரே வாரத்தில் வெள்ளை' என்று ஏதாவது வரி இருந்தால், இன்றைக்கே அடித்துவிடு.

இப்படிக்கு,
உன் அக்கா