வளரும் பிள்ளைக்கு ஏற்ற சைக்கிள்

ஏனாத்தூரில் அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபை முடிந்து, தீர்மானப் புத்தகத்தில் கையொப்பங்கள் வாங்கிக்கொண்டிருந்த வேளையில், முதிய விவசாயி ஒருவர் தம் பேரனைக் கையிற் பிடித்துக்கொண்டும், ஒரு புதுச் சைக்கிளை உருட்டிக்கொண்டும் என்னிடம் வந்தார். தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் ஆகியவை பற்றிய முறையீடாக இருக்கும் என்று எண்ணினேன். அவர் கேட்டது வேறு.

"ஐயா, நாற்பது வருஷமாக நான் ஓட்டுகிறதும் இருபத்துநாலு. பையனுக்கு வாங்கியதும் இருபத்துநாலு என்றுதான் கடைக்காரர் சொன்னார். என் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் இது கன்றுக்குட்டி போல இருக்கிறது. அளவில் ஏமாற்றிவிட்டார்களா?"

பையனுக்கு எட்டு வயது. ஏறி உட்காரச் சொன்னேன். பாட்டனார் வண்டியைப் பிடித்துக்கொள்ள, அவனும் ஏறினான். இரு கால்களும் அந்தரத்தில் தொங்கின. சிறியது என்று பாட்டனார் குறை கூறிய வண்டி, பேரனுக்கு ஒரு சுற்றுப் பெரியதாக இருந்தது.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. ஒரே எண் இரண்டு பொருள்களைக் குறிப்பதால் வந்த குழப்பம் இது. பெரியவர்கள் ஓட்டும் பார் வைத்த கறுப்புச் சைக்கிளை 22 என்றும் 24 என்றும் கூறுவது அதன் ஃபிரேமின் அளவாகும். பெடல் அச்சிலிருந்து சீட்டுக் குழாயின் மேல்முனை வரையுள்ள நீளம் அத்தனை அங்குலம் என்பது பொருள். அவ்வண்டியின் சக்கரம் 28 அங்குலம். சிறுவர் வண்டிகளில் 12, 16, 20, 24 என்று குறித்திருப்பதோ சக்கரத்தின் விட்டம். ஆகவே பாட்டனாரின் இருபத்துநாலும் பேரனின் இருபத்துநாலும் பெயரளவில்தான் உறவு. கடைக்குச் செல்பவர்கள், "இது ஃபிரேம் அளவா, சக்கர அளவா?" என்று முதலிற் கேட்டுத் தெளிந்துகொள்ளுதல் நலம்.

நம் மக்களிடையே வேறொரு வழக்கமும் உண்டு. தீபாவளிக்குச் சட்டை தைக்கும்போது, "வளருகிற பிள்ளை, கொஞ்சம் தாராளமாக வையுங்கள்" என்று தையற்காரரிடம் சொல்லுகிறோம். சட்டையின் கை நீண்டிருந்தால் மடித்துவிடலாம். சைக்கிளை மடிக்க முடியாது. நான் கற்றறிந்தவன், அலுவலில் இருப்பவன். எனினும் என் மகளுக்கு ஏழு வயதானபோது, மூன்று ஆண்டுகளுக்குப் போதும் என்று கணக்கிட்டு, 24 அங்குலச் சக்கர வண்டியையே வாங்கி வந்தேன். இருமுறை விழுந்தாள். அதன்பின் அவ்வண்டி இரண்டு ஆண்டுகள் மாடிப்படியின் கீழ் நின்றது. மிச்சம் பிடித்ததாக நான் எண்ணிய பணத்தில் இரண்டு டயர்கள் வெடிப்பு விட்டதுதான் கண்ட பலன்.

பெரிய வண்டியில் பிள்ளைக்கு நேரும் இடர் எது? நிறுத்தும்போது கால் ஊன்ற இயலாமை. ஓடும் வண்டியில் பிள்ளைகள் விழுவதைக் காட்டிலும், நிற்கப்போகும் வண்டியில் விழுவதே மிகுதி என்பது என் அனுபவம். எதிரே மாடு வந்தாலும், ஏனாத்தூர்ச் சாலையில் பல்கலைக்கழகப் பேருந்து வந்தாலும், பிள்ளை செய்ய வேண்டியது பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றுவது. கால் எட்டாத பிள்ளை பிரேக் பிடிக்கவே அஞ்சும். ஆதலால் அது நிற்காமல் வளைந்து தப்பப் பார்க்கும். சாலையில் ஆபத்து அங்கேதான் பிறக்கிறது. மேலும், பார் உள்ள வண்டியாயின், சீட்டிலிருந்து முன்பக்கம் நழுவும் பிள்ளை அந்தப் பாரின்மேலேயே விழுகிறது.

"நாங்களெல்லாம் குரங்கு பெடல் போட்டுத்தானே கற்றோம்?" என்று பெரியவர்கள் சிலர் கேட்கலாம். உண்மை. பாருக்கு அடியில் ஒரு காலை நுழைத்து, உடலை ஒருபுறம் சாய்த்து, அரைச் சுற்றாகப் பெடலை மிதித்து ஏரிக்கரையில் ஓட்டிய தலைமுறையில் நானும் ஒருவன். 2024-இல் அப்பெயரிலேயே ஒரு தமிழ்த் திரைப்படமும் வந்தது. ஆனால் அன்று வேறு வழியில்லை. 1949-இல் தொடங்கப்பெற்று அம்பத்தூரில் ஆலை அமைத்த டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற நிறுவனங்கள் அக்காலத்தில் பெருவாரியாகச் செய்தவை, ஆங்கில நாட்டு முறையில் அமைந்த, பெரியவர்களுக்கான வண்டிகளே. நெல்மூட்டையும் பால் கேனும் சுமக்கத் தக்க அவ்வண்டி ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ளது. அதன் பார் தரையிலிருந்து 80 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். வளர்ந்த ஆடவரிலேயே பலர் அதை ஒருபக்கம் சாய்த்துத்தான் காலை ஊன்றுகின்றனர். எட்டு வயதுப் பிள்ளையின் எடையும் பெரும்பாலும் 20 முதல் 25 கிலோ. தன் எடைக்கு நிகரான இரும்பைத் தாங்கிப் பிடிக்குமாறு ஒரு பிள்ளையைக் கேட்பதற்கு இன்று காரணம் எதுவும் இல்லை.

சரியான அளவைக் காண்பது எப்படி? வயதை மட்டும் கொண்டு வாங்குதல் கூடாது. ஒரே வகுப்பில் பயிலும் பத்து வயதுப் பிள்ளைகளுக்குள் ஒரு சாண் உயர வேறுபாடு இருப்பதுண்டு. உயரம் வயதைவிடச் சிறந்த அளவு; கால் நீளம் உயரத்தைவிடச் சிறந்த அளவு. பிள்ளையைச் செருப்பின்றிச் சுவரில் முதுகு படும்படி நிறுத்துங்கள். கால்களைச் சிறிது அகற்றி நிற்கட்டும். கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகத்தைக் கால்களின் இடையில் வைத்து, அதன் ஓரம் சுவரோடு ஒட்டியிருக்க, சீட்டில் அமர்ந்தாற்போல் அழுத்தும்வரை மேலே உயர்த்துங்கள். புத்தகத்தின் மேல்விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. தரையிலிருந்து அக்கோடு வரையுள்ளதே கால் நீளம். இந்த அளவை ஒரு நூலில் முடிந்து கடைக்கு எடுத்துச் செல்லலாம். பிள்ளையையே அழைத்துச் செல்வது இன்னும் மேல். வியப்பூட்டுவதற்காகப் பிள்ளை அறியாமல் வாங்கி வருவதே பல தவறுகளுக்கு மூலம்.

ஏறக்குறைய 45 முதல் 52 சென்டிமீட்டர் கால் நீளமுள்ள பிள்ளைக்கு 16 அங்குலச் சக்கரம் பொருந்தும். 53 முதல் 62 வரை 20 அங்குலம். 62-க்கு மேல் 70 வரை 24 அங்குலம். அதற்கு மேற்பட்டால் 26 அங்குலச் சக்கர வண்டியைப் பார்க்கலாம். நிறுவனத்திற்கு நிறுவனம் அமைப்பு வேறுபடுவதால் இக்கணக்கை வழிகாட்டியாக மட்டும் கொள்க. தீர்ப்புச் சொல்ல வேண்டியது சீட்டில் அமர்ந்த பிள்ளையின் கால். புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு, சீட்டை முற்றும் இறக்கிய நிலையில் இரு பாதங்களும் முழுமையாகத் தரையிற் படிதல் வேண்டும். ஓட்டத் தெரிந்த பிள்ளைக்கு இரு முன்பாதங்களும் ஊன்றினாற் போதும். பார் உள்ள வண்டியாயின், அதன் இருபுறமும் கால் வைத்து நிற்கும்போது பாருக்கும் உடலுக்கும் நடுவே இரண்டு மூன்று விரற்கடை இடைவெளி இருக்க வேண்டும்.

ஏனாத்தூர்ப் பையனை அவ்விடத்திலேயே, பஞ்சாயத்து அலுவலகச் சுவரில், தீர்மானப் புத்தகத்தைக் கொண்டே அளந்தோம். 54 சென்டிமீட்டர். அவனுக்கு வேண்டியது 20. அப்பொழுதுதான் அவன் அக்காள் பின்னால் நிற்பதைக் கவனித்தேன். பதினொரு வயது; ஆறாம் வகுப்பு. அவளையும் அளக்கச் சொன்னேன். 66. தம்பிக்கு வாங்கிய வண்டியில் ஏறி அமர்ந்தாள். இரு முன்பாதங்களும் தரையில் ஊன்றின. பள்ளிக்கு எப்படிப் போகிறாய் என்று கேட்டேன். நடந்து என்றாள். பாட்டனார் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "இதை நான் யோசிக்கவில்லை, ஐயா" என்றார் பிறகு.

அவர் மட்டுமா யோசிக்கவில்லை? ஊரில் உள்ள பள்ளி ஐந்தாம் வகுப்போடோ எட்டாம் வகுப்போடோ முடிய, மேற்படிப்புக்கு நான்கைந்து கிலோமீட்டர் செல்ல வேண்டிய பெண்களுக்குச் சைக்கிள் விளையாட்டுப் பொருள் அன்று. பீகார் மாநிலத்தில் 2006-இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் அளிக்கும் திட்டம் தொடங்கியது. அதனை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், பெண்களின் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்ந்ததையும், பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஊர்களிலேயே பலன் மிகுந்திருந்ததையும் கண்டனர். நம் மாநிலத்தில் 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்கெனத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், 2005-06-இல் மற்றைய மாணவ மாணவியர்க்கும் விரிவுபெற்றது. அவ்வண்டி கைக்கு வருவது பதினோராம் வகுப்பில். ஆறு முதல் பத்து வரையுள்ள ஐந்து ஆண்டுகளுக்குக் குடும்பமே வழி காண வேண்டும். கால் எட்டாத வண்டியை வாங்கி, பெண் ஒருமுறை விழுந்து, "உனக்குச் சைக்கிள் வேண்டாம்" என்று வீட்டில் முடிவு கட்டினால், அந்த முடிவு சைக்கிளோடு நிற்பதில்லை.

அதற்காக, பெண்கள் ஓட்டப் பெண்கள் வண்டிதான் வேண்டும் என்பதுமில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின்போது, அப்போதைய ஆட்சியர் திருமதி ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றனர். பார் இல்லாத வண்டிகள் போதிய அளவில் கிடைக்காமையால் பலர் ஆண்கள் வண்டியிலேயே கற்றனர். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதனையே விரும்பியவர்களும் உண்டு. அவர்கள் வளர்ந்த பெண்கள். பிள்ளைகளுக்கு, பாவாடையும் துப்பட்டாவும் அணிவோர்க்குச் சிறப்பாக, பார் தாழ்ந்த வண்டியும் முழுச் செயின் கார்டும் பின்சக்கரத்திற்கு வலை மறைப்பும் நலம் பயக்கும்.

பின்சக்கரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தம்பி தங்கையரைக் கேரியரில் ஏற்றிச் செல்லும் வழக்கம் எங்கும் உள்ளது. தொங்கும் சிறு கால் ஸ்போக்ஸுக்குள் சிக்கினால் குதிகால் சதை கிழிந்துபோகிறது. தானே தடுமாறும் பிள்ளை மற்றொரு பிள்ளையை ஏற்றாதிருப்பதே முறை.

கால் பொருந்திய வண்டியில் கையும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஹேண்டில் பாரைப் பிடித்தபடியே விரல்கள் பிரேக்கின் பிடியை எட்ட வேண்டும். கடையின் வாசலிலேயே வண்டியை உருட்டச் செய்து, பிள்ளையின் கையால் பிரேக்கை அழுத்திச் சக்கரம் நிற்கிறதா என்று காண்க. அப்பா அழுத்திப் பார்ப்பதால் பயனில்லை. ஹேண்டில் பாரின் இருமுனைகளிலும் ரப்பர்ப் பிடி கிழிந்திருந்தால் அன்றே மாற்றுதல் வேண்டும். விழும்போது வெறும் குழாய்முனை வயிற்றில் குத்தி, வெளியே காயம் தெரியாமல் உள்ளே கேடு விளைவித்துவிடும்.

கற்கும் நாட்களில் பக்கச் சக்கரம் பூட்டுவதைவிட, பெடல்களைக் கழற்றி, சீட்டை இறக்கி, காலால் உந்திச் செல்ல விடுவது எளிய வழி. சமநிலை வந்தபின் பெடலை மாட்டலாம். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் சுற்றுவது என்பதை நினைவிற் கொள்க. தெரியாமல் பலங்கொண்டு திருகி மரையைக் கெடுத்தவர்கள் பலர்.

கற்றபின் சீட்டைச் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். பிள்ளை சீட்டில் அமர்ந்து, பெடல் மிகத் தாழ்ந்துள்ள நிலையில் குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் தானே சற்று மடங்கும். முழங்கால் ஹேண்டில் பாரை இடிக்கும் அளவுக்குத் தாழ்ந்த சீட்டில் மூன்று கிலோமீட்டர் மிதித்துவரும் பிள்ளை, வகுப்பில் களைத்து உறங்கும். சீட்டுத் தண்டில் குறித்துள்ள எல்லைக் கோட்டுக்கு மேல் உயர்த்துதல் கூடாது. கோடு இல்லையேல், குறைந்தது இரண்டரை அங்குலம் குழாய்க்குள் இருக்கட்டும். அந்த எல்லை வந்துவிட்டதென்றால் அடுத்த அளவுக்குக் காலம் வந்துவிட்டது.

இப்படி 20, 24, 26 என்று மூன்று வண்டிகள் வாங்க ஏழைக் குடும்பத்தால் ஆகுமா? ஆகாது. ஒரு வீட்டில் கால் நீண்டு ஒதுக்கிய வண்டி அடுத்த தெருவில் ஒரு பிள்ளைக்குச் சரியாக இருக்கும். ஒவ்வொரு வார்டிலும் திண்ணையோரம் துருப்பிடிக்கும் சிறுவர் வண்டிகள் எத்தனை என்று உறுப்பினர்கள் எண்ணிப் பார்க்கட்டும். கோடை விடுமுறையில் ஒரு நாள், பள்ளித் திடலில் அவற்றைக் கொண்டுவரச் செய்து, உள்ளூர்ச் சைக்கிள் கடைக்காரரைக் கொண்டு பால்ரஸ், பிரேக் கட்டை, டியூப் ஆகியவற்றைச் சரிபார்த்து, பிள்ளைகளை அளந்து, கைமாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். விலையை இரு வீட்டாரும் பேசிக்கொள்ளட்டும்; பஞ்சாயத்து அதில் தலையிட வேண்டியதில்லை. சுவரில் ஒரு அளவுகோலும் ஒரு நாள் உழைப்புமே இதற்குச் செலவு.

விலையில்லா மிதிவண்டி வழங்கும் நாளிலும் உறுப்பினர்கள் ஸ்பேனருடன் செல்வது நல்லது. மேடையில் வண்டியைப் பெறும் மாணவியரில் ஐந்தடிக்குக் குறைந்தவர்கள் உண்டு. வண்டிகளின் சீட்டு எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கும். அன்றே அவரவர்க்கு இறக்கிக் கொடுத்து, நட்டுகளை இறுக்கி அனுப்ப வேண்டும். ஒரு வாரம் ஓடியபின் மறுபடியும் ஒருமுறை இறுக்குவதும் தேவை. புது வண்டியில் நட்டுகள் தளர்வது வழக்கம்.

ஏனாத்தூர்ப் பையனுக்கு உறவினர் வீட்டிலிருந்து ஒரு பழைய 20 கிடைத்தது. பெயின்ட் உரிந்திருக்கிறது என்று அவனுக்கு வருத்தம். புது வண்டி அக்காளிடம் இருக்கிறது.