பொலிஸில் சேர விரும்பும் பிள்ளைக்கு வேண்டியவை

உங்கள் மகனோ மகளோ பரீட்சை முடிந்த கையோடு, "அப்பா, நான் பொலிஸுக்கு விண்ணப்பம் போடப் போறன்" என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்? அநேகமாக ஒரு மௌனம் விழும். ஆசிரியத் தொழில், வங்கி, தாதித் தொழில் என்றால் அந்த மௌனம் விழாது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பகுதிகளில் வாழும் குடும்பங்களுக்கு அதன் காரணத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. 1970களின் பிற்பகுதியிலிருந்து காக்கி உடை அணிந்த தமிழன் இரு பக்கத்தாராலும் சந்தேகிக்கப்பட்டான்; சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் பிடிபட்ட பிள்ளைகளைத் தேடிப் பொலிஸ் நிலைய வாசல்களில் காத்துநின்ற தாய்மார் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். 1991 இல் விடுதலைப் புலிகள் தங்களுக்கெனப் பொலிஸ் பிரிவு ஒன்றை அமைத்தார்கள். பின்னாளில் கிளிநொச்சியிலிருந்து இயங்கிய அது 2009 மே மாதத்துடன் இல்லாமற் போயிற்று. ஆக, பொலிஸ் என்ற சொல்லுக்கு எங்கள் வீடுகளில் ஒரே பொருள் இல்லை.

இக்கட்டுரை உங்கள் பிள்ளையைப் பொலிஸுக்கு அனுப்புங்கள் என்று சொல்ல எழுதப்பட்டதன்று. அனுப்பாதீர்கள் என்று சொல்லவுமன்று. அந்தத் தொழிலுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதைக் குடும்பமாக இருந்து ஆராய இது உதவினால் போதும். உயரம் எத்தனை அடி, மார்பளவு எத்தனை அங்குலம் என்ற கேள்விகளோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது. அவை வேண்டியவைதான். ஆனால் வேலையின் உயிர் அங்கே இல்லை.

முதலில் அமைப்பை அறிந்துகொள்வோம். அமெரிக்கா, கனடா போன்ற கூட்டாட்சி நாடுகளில் மத்திய அரசின் பொலிஸ் வேறு, மாநிலத்தின் பொலிஸ் வேறு. அமெரிக்காவின் எப்.பி.ஐ. முகவராக விரும்புபவர் 23 வயதுக்கும் 36 வயதுக்கும் இடைப்பட்டவராய், பல்கலைக்கழகப் பட்டமும் பொதுவாக இரண்டாண்டு வேலை அனுபவமும் உடையவராய் இருக்கவேண்டும். வேற்றுமொழி அறிவு அங்கே பெரிய தகுதியாக மதிக்கப்படுகிறது. கனடாவின் கூட்டாட்சிப் பொலிஸில் சேர்பவர்கள் ரெஜைனா நகரில் 26 வாரப் பயிற்சி பெறுகிறார்கள். குடியுரிமை இல்லாத நிரந்தர வதிவாளரும் அதற்கு விண்ணப்பிக்கலாம். ரொறன்ரோவில் உறவினர் உள்ள குடும்பங்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். நமது நாட்டிலோ முழுத் தீவுக்கும் ஒரே பொலிஸ் திணைக்களம். 1865 ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டமே அதன் அடிப்படை. 1987 இல் வந்த அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் மாகாணங்களுக்குப் பொலிஸ் பிரிவுகளை எழுத்தில் வழங்கிற்று, அவை அமைக்கப்படவேயில்லை. ஆகவே வன்னிப் பிள்ளை சேர்வது வடமாகாணப் பொலிஸில் அன்று. நாளை அவன் மாங்குளத்திலும் கடமை செய்யலாம், மாத்தறையிலும் செய்யலாம். இடமாற்றத்துக்கு மனமில்லாதவர் இத்தொழிலைத் தெரிவு செய்யாதிருப்பது நல்லது.

இச்சேவைக்குள் நுழையும் வாசல்கள் முக்கியமாக இரண்டு. க.பொ.த. சாதாரண தரச் சித்தியோடு கொஸ்தாபலாகச் சேரலாம். உயர்தரச் சித்தியோடு உப பொலிஸ் பரிசோதகராகச் சேரலாம். வேளைக்கு வேளை பட்டதாரிகளை உதவிப் பொலிஸ் அத்தியட்சகராக நேரடியாகச் சேர்த்ததும் உண்டு. 18 வயது நிறைந்திருக்க வேண்டும். உச்ச வயது, உயரம், மார்பளவு, எத்தனை பாடத்தில் சித்தி, எத்தனை அமர்வில் சித்தி என்பன பதவிக்குப் பதவி வேறுபடும். ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடும். ஓர் அறிவித்தலுக்கும் அடுத்த அறிவித்தலுக்கும் மாறுவதும் உண்டு. எனவே பக்கத்து வீட்டுத் தம்பி சென்ற முறை சொன்ன அளவை நம்பாமல் வர்த்தமானியைத் தேடி வாசியுங்கள். விண்ணப்பம், பரீட்சை, உடற்தகுதிச் சோதனை, நேர்முகம், மருத்துவச் சோதனை, பின்னணி விசாரணை எனப் படிகள் பல. இவற்றில் ஏதாவது ஒரு படியை "நான் பார்த்துத் தாறன்" என்று பணம் கேட்டு வருபவரை வளவுக்குள்ளேயே விடாதீர்கள்.

நம் பகுதிக்கென்றே உரிய தடை ஒன்று உண்டு, அது பத்திரங்கள். இன்று 18 முதல் 25 வயது வரையுள்ள பிள்ளைகள் போர்க்காலத்தில் பிறந்தவர்கள். 2009 இல் சிறு குழந்தைகள். பிறப்பு காலங்கடந்து பதியப்பட்டவர்கள் பலர். இடம்பெயர்வில் வீட்டோடு பத்திரங்களும் போய், பின்னர் பிரதேச செயலகத்தில் பிரதி எடுத்தவர்கள் பலர். அதனால் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஓர் எழுத்து வேறுபாடு, பரீட்சைச் சான்றிதழில் இன்னொரு விதம் என்றிருக்கும். நம் கத்தோலிக்க வீடுகளில் இதோடு ஞானஸ்நானப் பெயரும் கலந்துவிடும். கோவிலில் யோசப், பதிவில் வேறு, பள்ளிக்கூடத்தில் இரண்டும் சேர்ந்து! நேர்முகத்துக்கு அழைப்பு வந்தபின் இதைத் திருத்த ஓடினால் நேரம் போதாது. பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் பெயர் கொடுக்கும்போதே மூன்றையும் அருகருகே வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

பின்னணி விசாரணையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தகப்பனோ, மாமனோ, அக்காவோ இயக்கத்தில் இருந்த வீடுகள் வன்னியில் ஏராளம். அதை மறைத்து எழுதச் சொல்லிக் கொடுக்கும் புத்திசாலிகளும் இருக்கிறார்கள். கேட்கப்பட்டதற்கு உள்ளதை எழுதுவதே புத்தி. பொய்யான தகவல் பின்னர் வெளிப்பட்டால் பெற்ற நியமனமும் போய்விடும். உண்மை எழுதியும் பிள்ளை நிராகரிக்கப்பட்டால் அது கசப்பாகத்தான் இருக்கும். அந்தக் கசப்புக்கும் குடும்பம் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்கட்டும்.

இனி வேலைக்கு வருவோம். பொலிஸ்காரனின் முதன்மையான கருவி துப்பாக்கியும் அல்ல, பொல்லும் அல்ல. பேனாவே அது. ஒருவர் நிலையத்துக்கு வந்து முறையிடும்போது அவர் சொல்வதை எழுதுவதிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109 ஆம் பிரிவு இதை விவரமாகச் சொல்கிறது. வாய்மொழியாகத் தரப்படும் தகவலை, அது தரப்பட்ட மொழியிலேயே எழுதவேண்டும்; சொன்னவருக்கு அதை வாசித்துக் காட்டவேண்டும்; அவர் கையொப்பமிட வேண்டும். அந்த மொழியில் எழுதத் தம்மால் இயலாதாயின், முறைப்பாட்டாளரையே எழுதித் தரும்படி அதிகாரி கேட்கவேண்டும். அவருக்கும் எழுத முடியாவிட்டால் மட்டுமே, அதற்கான காரணத்தைப் பதிந்துவிட்டு வேறொரு தேசிய மொழியில் எழுதலாம். அப்போதும் அவருக்கு விளங்கும் மொழியில் அதைச் சொல்லிக் காட்டவேண்டும்.

சட்டம் இவ்வளவு கண்டிப்பாய் இருப்பது ஏன் என்பதை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். புதுக்குடியிருப்புப் பக்கத்துத் தாய் ஒருத்தி வேலிச் சண்டை பற்றி முறையிட வருகிறாள் என்று வையுங்கள். "முந்தநாள் பொழுதுபட்ட கையோடை படலையைத் தள்ளிக்கொண்டு வந்து கதியாலைப் பிடுங்கினவர்" என்கிறாள். தமிழ் அரைகுறையாய்த் தெரிந்த ஒருவர் இதைக் கேட்டு, "நேற்று இரவு வீட்டுக் கதவை உடைத்து உள்ளே வந்தார்" என்று சிங்களத்தில் எழுதிவிடுகிறார். தாய்க்கு அது தெரியாது. கையொப்பம் வைத்துவிட்டுப் போகிறாள். மாதங்கள் கழித்து நீதவான் முன்னிலையில் சாட்சிக் கூண்டில் ஏறி, நடந்ததை நடந்தபடி சொல்கிறாள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்புகிறார். "பொலிஸில் நேற்று என்றீர், இங்கே முந்தநாள் என்கிறீர். அங்கே இரவு, இங்கே மாலை. அங்கே கதவு, இங்கே படலை. எது உண்மை?" பொலிஸில் கொடுத்த வாக்குமூலத்தைக் கொண்டு சாட்சியின் முரண்பாட்டைக் காட்டச் சட்டம் இடமளிக்கிறது. உண்மை பேசிய பெண் பொய்க்காரியாகி வீடு திரும்புகிறாள்.

பொழுதுபட்ட கை என்பது இருட்டு அல்ல, படலை என்பது வீட்டுக் கதவு அல்ல, கதியால் என்பது வேலியின் உயிர் என்பதை வன்னியில் பிறந்த கொஸ்தாபலுக்கு எவரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அவனிடம் உள்ள இந்தத் தகுதியை எந்த அளவுகோலும் அளப்பதில்லை. ஆனால் தமிழ் பேசத் தெரிவது மட்டும் போதாது. கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல், ஒழுங்காக, வாசிக்கக்கூடிய எழுத்தில் எழுத வேண்டும். கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் பிரித்தறிய வேண்டும். அழுதுகொண்டு சொல்பவரை அதட்டாமல் பொறுத்திருக்க வேண்டும்.

சிங்களமும் வேண்டும். 1956 ஆம் ஆண்டின் சட்டம் எங்கள் முந்திய தலைமுறையின் அரச உத்தியோகங்களைப் பறித்த நினைவில், சிங்களம் படிப்பதே தோல்வி என்று எண்ணுவோர் உண்டு. அந்த வலியை நான் மறுக்கவில்லை. ஆயினும் 1987 முதல் தமிழும் அரச கரும மொழி. 2007 ஜூலை 1 இற்குப் பின் அரச சேவையில் சேர்ந்தோர் தமக்கு உரியதல்லாத மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்பது விதி. பயிற்சியிலும், மேலதிகாரியின் கட்டளையிலும், நிலையத்தின் அன்றாட எழுத்துவேலையிலும் சிங்களம் இல்லாமல் நகர முடியாது. இரண்டையும் எழுதத் தெரிந்தவரே அந்தத் தாயின் வாக்குமூலத்தை மேலே கொண்டுசெல்லும்போது அது கோணாமல் பார்க்கக்கூடியவர். மடுத் திருவிழாவுக்குப் போனவர்களுக்கு இது புதிதல்ல. ஓகஸ்ட் 15 இல் கூட்டத்தில் பிள்ளையைத் தவறவிட்டவர் தமிழராகவும் இருப்பார், சிங்களவராகவும் இருப்பார்.

அடுத்தது சான்று தேடும் திறமை. 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டப்படி, பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்யப்பட்ட குற்ற ஒப்புதல் எதிரிக்கெதிராகச் சான்றாகாது. அடித்து வாங்கிய வாக்கு நீதிமன்றத்துக்கு உதவாது என்பதை வெள்ளையர் காலத்திலேயே கண்டிருந்தார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் இதற்கு விலக்களித்து, உதவி அத்தியட்சகருக்குக் குறையாத அதிகாரியிடம் செய்த ஒப்புதலை ஏற்க வழிசெய்தது. அதன் விளைவு எங்கள் ஊர்களுக்குத் தெரியும். ஒப்புதலை நம்பாத பொலிஸ்காரன் தடயத்தைத் தேடுவான்: காலடி, இரத்தக்கறை, தொலைபேசிப் பதிவு. 2023 ஜூனில் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்க மண் வெட்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்வு நடந்தது. இப்படியான இடத்தைக் காப்பது, படமெடுப்பது, கிடைத்த ஒவ்வொரு துண்டையும் இலக்கமிட்டுப் பொதிசெய்வது, அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்று பதிவது, இவற்றில் ஒன்று பிழைத்தாலும் காணாமற் போனவரைத் தேடும் குடும்பத்துக்கு விடை கிடையாது போகலாம். விஞ்ஞானமும் கணிதமும் படித்த பிள்ளைக்கு இங்கே வேலை இருக்கிறது.

மகளைப் பற்றித் தயங்கும் பெற்றோருக்கு ஒன்று. 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், அடிபடும் பெண்ணுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரே நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் தனக்கு நடந்ததைத் தமிழில், ஒரு பெண்ணிடம் சொல்ல முடியாவிட்டால் அவள் வாய் திறக்கவே மாட்டாள். ஆண் துணையில்லாத குடும்பங்கள் நிறைந்த இந்தப் பிரதேசத்துக்குத் தமிழ்ப் பெண் பொலிஸார் எவ்வளவு வேண்டும் என்பதை அந்தப் பெண்களையே கேட்டுப் பாருங்கள்.

சங்கடமான கேள்வி ஒன்று எஞ்சியிருக்கிறது. மேலதிகாரி அடி என்றால் பிள்ளை என்ன செய்வது? 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டப்படி சித்திரவதை தண்டனைக்குரிய குற்றம். மேலதிகாரி சொன்னார் என்பது எதிர்வாதமாகாது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, நீதவான் முன் நிறுத்தவேண்டும். சட்டம் தெளிவு. ஆனால் நள்ளிரவில், இளைய உத்தியோகத்தன் ஒருவன் தனியாக "முடியாது" என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதை மறைப்பதில் பயனில்லை. ருத்ரா ராஜசிங்கம் என்ற தமிழர் 1982 முதல் 1985 வரை பொலிஸ் மாஅதிபராகவே இருந்தார். 1983 ஜூலை அந்தக் காலத்தில்தான் நிகழ்ந்தது. உச்சியில் ஒருவர் இருப்பதால் மட்டும் எல்லாம் மாறிவிடாது. எனவே விண்ணப்பத்தில் ஒப்பமிடுமுன் இந்தக் கேள்வியைப் பிள்ளையோடு வாய்விட்டுப் பேசுங்கள். வேலை போனாலும் வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஆயத்தத்தை இன்றே தொடங்க விரும்பினால் காலையில் ஓட்டம், மாலையில் ஒரு மணிநேரம் சிங்களம். அத்துடன் ஒரு பயிற்சி: இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அம்மம்மாவை இருத்தி, அவர் கண்ணால் கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்லச் செய்யுங்கள். பிள்ளை அதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதட்டும். எழுதியதை உரக்க வாசித்துக் காட்டட்டும். "நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்று அம்மம்மா சொல்லும் இடமெல்லாம் வெட்டித் திருத்தி, மறுபடி வாசிக்கட்டும்.