மூக்கின் வழியே வலிப்பு மருந்து: வீட்டார் அறிந்திருக்க வேண்டியவை

மூக்கில் விடும் மருந்து மூக்கடைப்புக்கு மட்டுமே என்று பலரும் எண்ணுகின்றனர். பாரத் பயோடெக் நிறுவனத்தின் மூக்குவழி கொரோனா தடுப்பு மருந்து 2023 ஜனவரி 26 அன்று அறிமுகமானபோது பலர் வியந்ததும் அதனால்தான். உண்மையில், ஒற்றைத் தலைவலி போன்ற நோய்களுக்கு மூக்குவழி மருந்துகள் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளன. அவற்றுள் வலிப்பை நிறுத்தும் ‘மிடசோலம்’ ஸ்பிரேயை மருத்துவர் அல்லர், வீட்டில் இருப்பவரே கொடுக்க வேண்டியுள்ளது. எனவே அதைப் பற்றி விரிவாகக் காண்போம்.

மூக்கு ஏன்?

வலிப்பின்போது பற்கள் இறுகிவிடும். அப்போது வாயில் ஊற்றும் நீரோ மருந்தோ மூச்சுக்குழாய்க்குள் செல்லக்கூடும். துடிக்கும் உடலில் சிரையைக் கண்டு ஊசி போடுவது பயிற்சி பெற்றவர்களுக்கே கடினம். ஆசனவாய் வழியே கொடுக்கும் டயசிபாம் பயன் தரும். ஆயினும் பள்ளியிலோ பேருந்திலோ அதைக் கொடுப்பது எளிதன்று. மூக்கு எந்நேரமும் திறந்திருக்கிறது.

நாசியின் உட்புறம் ஏறத்தாழ 150 சதுர சென்டிமீட்டர் பரப்புடைய மெல்லிய சவ்வு. அதன் அடியில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நெருங்கி அமைந்துள்ளன. விழுங்கும் மாத்திரையின் ஒரு பகுதியைக் கல்லீரல் முதலிலேயே சிதைத்துவிடுகிறது. மூக்குச் சவ்வில் படும் மருந்தோ நேரே இரத்தத்தில் கலக்கிறது. மிடசோலம் கொழுப்பில் கரையும் தன்மையுடையதாதலால், இரத்தத்திலிருந்து மூளைக்குள்ளும் விரைவில் புகுந்துவிடுகிறது.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 46 குழந்தைகளிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மூக்குவழி மிடசோலம் கொடுத்தபின் சராசரியாக 2 நிமிடத்தில் வலிப்பு நின்றது. ஆசனவாய் வழி டயசிபாமுக்கு ஏறத்தாழ 3 நிமிடம் ஆயிற்று.

ஐந்து நிமிடக் கணக்கு

பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும். கையில் இரும்புச் சாவி கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்ற நம்பிக்கை நிலைத்திருப்பது இதனால்தான். சாவியைத் தேடி எடுத்துக் கையில் திணிப்பதற்குள் வலிப்பு தானே அடங்கிவிடுகிறது, இரும்பினால் அன்று.

ஐந்து நிமிடங்களைக் கடந்த வலிப்போ தானாக நிற்கும் வாய்ப்புக் குறைவு. நீளுந்தோறும் அதை மருந்தால் அடக்குவதும் கடினமாகிறது. ஆவடியிலிருந்தோ பூந்தமல்லியிலிருந்தோ மாலை நெரிசலில் ஒரு மருத்துவமனையை அடைய எவ்வளவு நேரமாகும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே முதல் மருந்து வீட்டிலேயே தொடங்க வேண்டும்.

கொடுக்கும் முறை

1. கடிகாரத்தைப் பார்த்து, வலிப்பு தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இறுக்கமான ஆடையைத் தளர்த்துங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள்.

3. ஐந்து நிமிடம் கடந்தாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தடுத்து வலிப்பு வந்தாலோ ஸ்பிரேயைப் பயன்படுத்துங்கள். உங்கள் மருத்துவர் வேறு நேரம் குறித்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

4. மூக்கைத் துடைத்து, தலையைச் சற்று உயர்த்தி, குப்பியை நிமிர்த்திப் பிடித்து, மருந்துச் சீட்டில் உள்ள எண்ணிக்கையைப் பாதிப் பாதியாக இரு துளைகளிலும் அழுத்துங்கள். பிறகு மீண்டும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

5. மருந்து கொடுத்து ஐந்து நிமிடத்திற்குள் வலிப்பு நிற்காவிட்டாலோ, மூச்சு மெலிந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். இதற்கு முன் வலிப்பு வந்திராதவர் என்றால் தொடக்கத்திலேயே அழைத்துவிடுங்கள். மருத்துவர் சொல்லாமல் இரண்டாம் முறை மருந்து கொடுக்காதீர்கள், மூச்சு தடைபடக்கூடும்.

வலிப்பு நின்றபின் நோயாளி சில மணி நேரம் உறங்கலாம். முழு நினைவு திரும்பும்வரை உணவோ நீரோ கொடுக்க வேண்டாம். அருகிலிருந்து மூச்சைக் கவனியுங்கள்.

குப்பியைச் சரிபாருங்கள்

ஓர் அழுத்தத்தில் 0.5 மில்லிகிராம் வெளிவரும் குப்பியும் உண்டு, 1.25 மில்லிகிராம் வெளிவரும் குப்பியும் உண்டு. மருந்தளவு உடல் எடையைப் பொறுத்தது. கடையில் வேறு குப்பி கொடுக்கப்பட்டு, பழைய எண்ணிக்கையிலேயே அழுத்தினால், அளவு இரண்டரை மடங்கு கூடும்; அல்லது அந்த அளவுக்குக் குறைந்துவிடும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் இதைப் பார்த்து, ஐயமிருந்தால் எங்களிடம் கேளுங்கள். எண்ணிக்கையைக் குப்பியின் பெட்டியில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். காலாவதி நாளையும் பாருங்கள். முதன்முறை பயன்படுத்துமுன் காற்றில் அழுத்தித் தயார்செய்யும் முறையைச் செவிலியரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

மற்றொன்று: இது வலிப்பு நேரத்து முதலுதவி மட்டுமே. நாள்தோறும் உண்ணும் மாத்திரைக்கு இது மாற்றாகாது.

மூளைக்கு நேர்வழி உண்டா?

நாசியின் கூரையிலுள்ள மணமறியும் நரம்புகள், எலும்பின் நுண்துளைகள் வழியே மூளையைத் தொடுகின்றன. இவ்வழியே மருந்தை நேராக மூளைக்கு அனுப்ப ஆய்வுகள் நடைபெறுகின்றன. ஆயினும், மறதி நோய்க்கு மூக்குவழி இன்சுலினைச் சோதித்து 2020-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. ‘நேரே மூளைக்குச் செல்லும்’ என்னும் விளம்பரங்களை நம்பி எதையும் மூக்கில் விடாதீர்கள். குழந்தைகளைக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடும் வழக்கத்தையும் கைவிடுங்கள். எண்ணெய் நுரையீரலை அடைந்து நிமோனியாவை உண்டாக்கும்.

அடுத்த முறை வரும்போது ஸ்பிரேயை உடன் கொண்டுவாருங்கள். தாய் மட்டும் கற்றால் போதாது. தந்தையும் தாத்தா பாட்டியும் வகுப்பாசிரியரும் கற்றிருக்க வேண்டும். வலிப்பு வரும் வேளையில் அருகில் இருப்பவர் யார் என்பதை நாம் முன்கூட்டி அறிய இயலாதே.